தூங்கப் போகிற ஊர்

அன்புள்ள சார்,

உங்கள் ஜப்பான் பயணக் குறிப்புகளில் வராபி என்ற ஊர் பற்றி ஒரே ஒரு வரி வந்தது. நான் டோக்கியோவில், நிஷிகசாயில் இருக்கிறேன். வாடகை கட்டுப்படியாகவில்லை. வராபியில் வீடு பார்க்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டால் சிரிக்கிறார்கள். “அது வெறும் பெட் டவுன், தூங்கப் போகிற ஊர்” என்கிறார் ஒருவர். இன்னொருவர் ‘வராபிஸ்தான்’ என்று கிண்டலடிக்கிறார். அப்படி என்னதான் சார் பார்த்தீர்கள் அங்கே?

கே.

அன்புள்ள கே,

தூங்கப் போகிற ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் நானூறு வருஷமாக அந்த ஊருக்கு அதுதானே பிழைப்பு! டோக்கியோவின் பெயர் எடோ என்று இருந்த காலத்தில், அங்கிருந்து கியோட்டோவுக்கு மலை வழியாகப் போகும் நகசெண்டோ சாலையில் மொத்தம் 69 தங்கல் ஊர்கள். வராபி இரண்டாவது. எடோவுக்கும் வராபிக்கும் நடுவே அரகாவா ஆறு, பாலம் கிடையாது, தோதா துறையில் படகுதான். வெள்ளம் வந்து படகை நிறுத்திவிட்டால் எடோவுக்குப் போகிறவன் எத்தனை நாளானாலும் வராபி சத்திரத்தில் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். ஆற்றில் தண்ணீர் ஏறினால் ஊருக்கு வரும்படி ஏறும். 1875இல் பாலம் வந்தது, 1893இல் ரயில் நிலையம் வந்தது, சத்திரத்து வியாபாரம் படுத்தது. அப்புறம் தூங்க வருகிறவர்கள் ரயிலில் வர ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

நான் போனது அந்தப் பழைய தெருவைப் பார்க்க. அதன் பின்பக்கம் குறுகலாக ஒரு வாய்க்கால், மேலே ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்திய ஒரு சின்னப் பலகைப் பாலம். அந்தக் காலத்தில் தங்கல் முழுவதையும் சுற்றி இப்படி வாய்க்கால் ஓடியது, கொல்லைப்புறத்தில் இந்த மாதிரிப் பாலங்கள். ராத்திரியானால் உள்ளிருந்து தூக்கிவிடுவார்கள். அனுமதியில்லாமல் யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது.

மற்றபடி ஊர் எவ்வளவு சின்னது தெரியுமா? 5.11 சதுர கிலோமீட்டர். ஜப்பானில் ‘நகரம்’ என்ற அந்தஸ்துள்ள ஊர்களில் இதுதான் ஆகச் சிறியது. அதற்குள் சுமார் 75 ஆயிரம் பேர். இருபது வயது நிறைந்தவர்கள் கிமோனோ கட்டிக்கொண்டு கொண்டாடும் செய்ஜின் விழாவை ஜனவரியில் பார்த்திருப்பீர்களே, அதற்கு மூலம் இந்த ஊரில் 1946 நவம்பரில் நடந்த இளைஞர் விழா. போரில் தோற்று ஒரு வருஷம், சோற்றுக்கே திண்டாட்டம், துவண்டு கிடந்த பிள்ளைகளுக்குத் தெம்பு கொடுக்கப் பள்ளி மைதானத்தில் கூடாரம் போட்டு நடத்தினார்கள். 1949 முதல் நாடு முழுவதும் செய்ஜின் நாள் விடுமுறை.

சரி, வராபிஸ்தான். குர்திஸ்தான் மாதிரி வைத்த கிண்டல் பெயர். துருக்கியிலிருந்து வந்த குர்துகள் தொண்ணூறுகளிலிருந்து இங்கேயும் பக்கத்துக் கவாகுச்சியிலும் இருக்கிறார்கள், நிறையப் பேருக்குப் பழைய வீடுகளை இடிக்கும் வேலை. அகதி மனு நிராகரிக்கப்பட்டு ‘தற்காலிக விடுவிப்பில்’ இருப்பவர்களுக்கு அதற்கும் அனுமதி கிடையாது. அதைவிட, மாகாண எல்லையைத் தாண்டவே முன்அனுமதி வாங்க வேண்டும். வராபி இருப்பது சைத்தாமாவில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டோக்கியோ. காலையில் ஊரே ரயிலேறி ஆற்றைக் கடந்து வேலைக்குப் போகிறது, இவர்கள் மட்டும் இந்தக் கரையில். அந்தப் பலகைப் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் நண்பருக்கு அது கிண்டல் வார்த்தை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு தாராளமாகப் பாருங்கள். டோக்கியோவின் உவேனோ ஸ்டேஷனுக்கு அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒன்று மட்டும்: வராபியில் நிற்பது வான்நீலப் பட்டை போட்ட கெய்ஹின் தோஹோக்கு ரயில் மட்டும்தான். நான் ஒரு ராத்திரி உவேனோவில் அவசரத்தில் ஆரஞ்சும் பச்சையும் பட்டை போட்ட வண்டியில் ஏறிவிட்டேன். வராபி பிளாட்பாரம் ஜன்னலில் பளிச்சென்று வந்து போயிற்று, நான் இறங்கியது உராவாவில். இரண்டு ஸ்டேஷன் திரும்பி வந்தேன்.