675 மடங்கு என்று பெட்டியில் போட்டிருக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் கோள்கள் பாடம் நடத்தியதிலிருந்து தினமும் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பிறந்த நாளுக்குத் தொலைநோக்கி கேட்கிறாள். இணையத்தில் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. 60 மி.மீ. விட்டம், 675 மடங்கு பெரிதாக்கும் என்று போட்டிருக்கிறார்கள். பெட்டியின் மேல் சனிக் கோளின் வண்ணப் படமும் இருக்கிறது. வாங்கலாமா? 12,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும்.
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம், சகோதரி. அந்த 675 என்ற எண்ணைப் பார்த்த உடனேயே அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். குழாயின் முன்பக்க லென்ஸின் குவியத்தொலைவை (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) கண்ணருகு லென்ஸின் குவியத்தொலைவால் வகுத்தால் பெருக்கம் கிடைக்கும். இந்த வகைக் கருவிகளில் முன் லென்ஸ் பெரும்பாலும் 900 மி.மீ., கண்ணருகு லென்ஸ் 4 மி.மீ. வகுத்தால் 225. நடுவில் மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸைச் செருகினால் 675. கணக்கில் பிழை இல்லை, ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நல்ல தொலைநோக்கியே விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் இரண்டு மடங்குதான் தாங்கும். 60 மி.மீ. கருவிக்கு 120தான் எல்லை. அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், கூடவே மங்கிக் கலங்கிப் போகும்.

நீங்கள் பார்க்க வேண்டியது முன் லென்ஸின் விட்டம். இருட்டில் குழந்தையின் கண்மணி சுமார் 7 மி.மீ. விரியும். 70 மி.மீ. லென்ஸ் அதைப் போல் பத்து மடங்கு அகலம், ஆகவே நூறு மடங்கு ஒளியைத் திரட்டும். கண்ணுக்கு ஆறு புள்ளியாகத் தெரியும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் அதில் பல பத்து நட்சத்திரங்களாகச் சிதறித் தெரிவது இதனால்தான்.

விட்டத்துக்கு அடுத்து முக்காலி. பல பெற்றோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். என் மகனுக்கு நான் வாங்கிய முதல் கருவியும் நீங்கள் சொல்லும் ரகம்தான். லேசான அலுமினியக் கால்கள், பிளாஸ்டிக் திருகுகள். நான் நிலவைத் தேடிப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டு, "வா, பார்" என்று நகர்வேன். அவன் கண்ணை வைக்கும்போது கன்னம் குழாயில் படும். நிலவு ஓடிவிடும். மறுபடி பிடிப்பேன், மறுபடி ஓடும். "எனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்று அவன் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாம் நாள் அவன் மாடிக்கு வரவில்லை. குழந்தையின் ஆர்வம் அவ்வளவு மெல்லியது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் தொகைக்கு 70 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத்தொலைவு கொண்ட லென்ஸ் தொலைநோக்கி பொருந்தும். மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும் எளிய தாங்கி போதும். எடைக்கல் தொங்கும் தாங்கியைச் சரியாக நிறுத்த, வானத்தின் துருவத்தை நோக்கி அச்சைத் திருப்ப வேண்டும். அது பெரியவர்களையே சோதிக்கும் வேலை. 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு கண்ணருகு லென்ஸ்கள் இருந்தால் 28 மடங்கும் 70 மடங்கும் கிடைக்கும். அவற்றின் அடிக்குழாய் 1.25 அங்குலமா என்று கேளுங்கள். 0.965 அங்குலம் என்றால் பிறகு நல்ல லென்ஸ் வாங்கிப் பொருத்துவது பெரும்பாடு. நேரில் வாங்கினால் முக்காலியை முழுதாக விரிக்கச் சொல்லி, குழாயை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். ஓரிரு நொடியில் ஆட்டம் அடங்க வேண்டும்.

70 மடங்கில் நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு நிலவுகள், வெள்ளியின் பிறை வடிவம் எல்லாம் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ அந்த நான்கு நிலவுகளைக் கண்டது சுமார் 20 மடங்குக் கருவியில்தான். சனியின் வளையமும் தெரியும், ஆனால் சிறியதாக, வெளிர் மஞ்சளாக. 2025-ல் அந்த வளையம் நமக்கு விளிம்பு காட்டியதால் கோடுபோல் மெலிந்திருந்தது. இப்போது ஆண்டுக்கு ஆண்டு விரிந்துவருகிறது. பெட்டியில் இருக்கும் வண்ணப் படம்போல ஒருநாளும் தெரியாது என்பதை மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தச் சின்ன வளையம் படம் அல்ல, உண்மையான சனி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் இரவுக்கு நாள் பார்த்தே தொடங்குங்கள். தினசரிக் காலண்டரில் வளர்பிறை பஞ்சமிக்கும் தசமிக்கும் இடைப்பட்ட நாளாக இருக்கட்டும். பௌர்ணமி நிலவில் நிழல் விழாது, பள்ளங்கள் தட்டையாகத் தெரியும். அஷ்டமியை ஒட்டி, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் மலைகளின் நிழல் நீண்டு கிடக்கும். அன்று பகலிலேயே தொலைவில் உள்ள கோபுரத்தையோ செல்போன் கோபுரத்தையோ வைத்து, குழாயின் மேல் குறிபார்க்க இருக்கும் சின்னக் குறிநோக்கியைச் சரிசெய்துவிடுங்கள். இரவில் தேடித் திணற வேண்டாம். மகள் உட்கார்ந்து பார்க்க ஒரு ஸ்டூல் போடுங்கள். பூமி சுழல்வதால் கோள்கள் சில நிமிடங்களில் காட்சியை விட்டு நகரும். ஏன் நகர்கிறது என்று அவள் கேட்டால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. வான்நோக்கு நிகழ்ச்சி எப்போது என்று கேட்டு, மகளை அழைத்துப்போய் ஒருமுறை காட்டுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் பல ஊர்களில் இப்படி நடத்துகிறார்கள்.

குழந்தை ஆறு, ஏழு வயதுக்குள் என்றால் நான் தொலைநோக்கியே சொல்ல மாட்டேன். 7x50 பைனாகுலர், அதாவது 7 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. விட்டம் உள்ளது, போதும்.

கேள்வி: 114 மி.மீ. கண்ணாடித் தொலைநோக்கி (முன் லென்ஸுக்குப் பதில் உள்ளே ஒளியைக் குவிக்கும் ஆடி இருப்பது) ஒன்றை இணையத்தில் வாங்கினோம். எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. நட்சத்திரங்கள் பஞ்சுபோல் கலங்கி இருக்கின்றன. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தலைகீழாகத் தெரிவது குறை அல்ல. வானத்துக்கான தொலைநோக்கி அப்படித்தான் காட்டும். அதை வைத்துப் புகார் கொடுத்தால் நிற்காது.

கலங்கலைக் கவனிப்போம். குழாயின் நீளத்தை டேப்பால் அளந்து பாருங்கள். குவியத்தொலைவு 1000 மி.மீ. என்று எழுதியிருந்து, குழாய் அரை மீட்டர்தான் இருந்தால், உள்ளே கூடுதல் லென்ஸ் வைத்து நீட்டியிருக்கிறார்கள். மலிவான தயாரிப்புகளில் இந்த அமைப்பு தெளிவாகக் காட்டுவது அரிது. கண்ணாடியின் கோணத்தைத் திருத்துவதும் கடினம். அப்படி இல்லை என்றால், பின்பக்கத்து மூன்று திருகுகளைத் திருப்பிக் கண்ணாடியை நேராக்கினாலே பெரும்பாலும் சரியாகும். கருவியை அரை மணி நேரம் வெளியில் ஆறவைத்து, 25 மி.மீ. லென்ஸில் பாருங்கள். வெயிலில் காய்ந்த தளம் இரவிலும் வெப்பம் விடும். அதுவும் காட்சியைக் கலக்கும்.

அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் விடாதீர்கள். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ன் மின்வணிக விதி. அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை.

கேள்வி: தொலைநோக்கியோடு 'சூரியன்' என்று எழுதிய சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று வந்தது. கண்ணருகு லென்ஸில் திருக வேண்டுமாம். பையனுக்குச் சூரியனைக் காட்டலாமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: கூடவே கூடாது. லென்ஸ் குவித்த வெப்பம் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியின் மேல் விழும். எந்த நொடியிலும் அது வெடித்து விரியலாம். அப்போது பையனின் கண் அங்கேதான் இருக்கும். சூரியனைப் பார்ப்பதற்கான வடிகட்டி எப்போதும் குழாயின் முன்வாயை முழுதாக மூடுவதாக, அதற்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். குறிநோக்கியையும் மூடி போட்டு மூட வேண்டும். உங்களிடம் இருப்பதை அலமாரியில் பத்திரப்படுத்த வேண்டாம். இன்றைக்கே உடைத்து, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.