அமெரிக்காவில் ஒரு லோக்கல் ரயிலுக்கு மக்கள் ஏன் ஓட்டுப் போட வேண்டியிருந்தது?

கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்கும் இடையே ஓடும் கால்ட்ரெயினுக்கு வரி வசூலிக்க 2020 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்ததைப் பற்றி, "ரயில் விடுவது அரசாங்கத்தின் வேலைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். சன்னிவேலில் குடியிருந்து அந்த ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

எந்த அரசாங்கம் என்பதில்தான் சிக்கலே. சான் பிரான்சிஸ்கோ, சான் மட்டேயோ, சாண்டா கிளாரா என மூன்று கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்றவை) கூட்டு வாரியம் இந்த ரயிலை நடத்துகிறது. அந்த வாக்கெடுப்பு வரை, டிக்கெட் காசைத் தவிர வாரியத்துக்கெனத் தனி வரி வருமானம் கிடையாது. ஆண்டுதோறும் மூன்று தரப்பும் பங்கு போட வேண்டியிருந்தது. ஒருவர் கையைச் சுருக்கினால் மற்ற இருவரும் அதே கணக்கில் சுருக்கிக்கொண்டார்கள். 2011 வாக்கில் சான் மட்டேயோவின் பஸ் நிறுவனமான சாம்ட்ரான்ஸ் தன் பங்கைக் குறைக்கப்போவதாகச் சொன்னதும், பல ஸ்டேஷன்களை மூடும் அளவுக்குப் பேச்சு போனது.

அதே சாம்ட்ரான்ஸ்தான் 1991-இல் சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியிடமிருந்து 212 மில்லியன் டாலருக்குத் தண்டவாளத்தை வாங்கியபோது, மாநில நிதி போக விழுந்த துண்டைச் சமாளித்தது. அதனால் நிர்வாகமும் அதன் கைக்குப் போனது. கொரோனாவில் டிக்கெட் வருமானம் அடியோடு சரிந்து, டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் விற்பனை வரிதான் வழி என்றானபோது, சான் பிரான்சிஸ்கோவின் மேற்பார்வையாளர்கள் (மக்கள் தேர்ந்தெடுக்கும் கவுண்டி மன்ற உறுப்பினர்கள்) சிலர் முட்டுக்கட்டை போட்டார்கள். எங்கள் மக்களும் வரி கட்டுவார்கள், நிர்வாகம் மட்டும் பக்கத்துக் கவுண்டியிடமே இருக்குமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ரயிலே நின்றுபோகும் நிலையில் அதைப் பேரத்துக்கு வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கவுண்டிகளும் போக்குவரத்து அமைப்புகளுமாக ஒப்புதல் தர வேண்டிய ஏழு அமைப்புகளில் ஒன்று மறுத்தாலும் தீர்மானம் வாக்குச்சீட்டுக்கே வராது. நிர்வாகத்தை மாற்றியமைப்பதாக வாரியம் உறுதி கொடுத்த பிறகு, ஆகஸ்டில் கடைசி நேரத்தில் சம்மதம் கிடைத்தது.

மக்களிடம் வந்தபின்னும் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் போதாது. 1978-இல் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த, வரிகளைக் கட்டுப்படுத்தும் 13-ஆம் முன்மொழிவின் விளைவாக, இப்படிப்பட்ட தனி வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மூன்று கவுண்டி ஓட்டுகளையும் சேர்த்து எண்ணியதில் அதையும் தாண்டியது. முப்பது ஆண்டுகளுக்கு, ஆண்டுக்குச் சுமார் 100 மில்லியன் டாலர்.

நூறு டாலருக்குப் பன்னிரண்டரை சென்ட். கடையில் வாங்கும் அரிசி பருப்புக்கு விற்பனை வரி இல்லை. ஹோட்டலில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டால் உண்டு. விசாவில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஓட்டுக் கிடையாது, வரி உண்டு. அதைக்கூட நான் மனதாரக் கட்டுகிறேன். பாத்திரம் கழுவுகிறவரும் கோடீஸ்வரரும் ஒரே விகிதத்தில் கட்டுவதுதான் உறுத்துகிறது. இந்த ரயிலால் ஆள் கிடைக்கும் பெரிய கம்பெனிகளிடம் நேரடியாகக் கேட்டிருக்கலாம்.

2024 செப்டம்பரிலிருந்து சான் ஹோசே வரை மின்சார ரயில்தான், வார இறுதியிலும் அரை மணிக்கு ஒன்று. பற்றாக்குறை மட்டும் தீரவில்லை. சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவின் பொதுப் போக்குவரத்துக்காக ஐந்து கவுண்டிகளில் இன்னொரு விற்பனை வரியை மக்கள் முன் வைக்க 2025-இல் மாநிலம் சட்டம் இயற்றியது. இம்முறை பொதுமக்களிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் ஓட்டு இருந்தாலே போதும்.