கணினி கேள்வி-பதில்: அட்மின் பாஸ்வேர்டு யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: மகன் கல்லூரிக்காக வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப் இப்போது வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. பாஸ்வேர்டு கிடையாது, திறந்தால் நேராக உள்ளே போய்விடும். ஒன்பதாவது படிக்கும் மகள் எதையாவது டவுன்லோடு செய்துகொண்டே இருக்கிறாள், திரை மூலையில் விளம்பரமாகக் கொட்டுகிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு போடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எப்படிப் போடுவது? ஒவ்வொரு முறையும் நான்தான் வந்து டைப் செய்து கொடுக்க வேண்டுமா?
- வாசகி, தென்காசி

பதில்: அவர் சொன்னது சரிதான், ஆனால் அதோடு வேலை முடியாது. இப்போது நீங்கள் எல்லோரும் நுழைகிற அந்த ஒரே அக்கவுன்ட்தான் அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது கணினியில் எதையும் மாற்றும் அதிகாரம் உள்ள அட்மின் அக்கவுன்ட். அதற்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டு மகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தால், உள்ளே வந்த பிறகு அவளுக்கும் முழு அதிகாரம், அவள் இறக்குகிற புரோகிராமுக்கும் அந்த அதிகாரம் கிடைக்க ஒரு 'யெஸ்' போதும். பீரோவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்க விடுவது போலத்தான். அதனால் அட்மின் அக்கவுன்ட்டைத் தனியாகப் பிரித்து எடுங்கள், அன்றாடம் புழங்குகிற அக்கவுன்ட்டுக்கு அந்த அதிகாரம் இருக்கவே வேண்டாம்.

செட்டிங்ஸ் திறந்து அக்கவுன்ட்ஸ், அதற்குள் அதர் யூசர்ஸ் போனால் 'ஆட் அக்கவுன்ட்' என்று இருக்கும். இமெயில் கேட்கும், அந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற வரியை அழுத்துங்கள், அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் சேர்க்க வழி வரும். பெயர் கொடுத்து பாஸ்வேர்டு அடித்ததும், பாஸ்வேர்டு மறந்தால் திறக்க உதவும் 3 ரகசியக் கேள்விகள் வரும். முதல் பள்ளி, பிறந்த ஊர் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த உண்மையான பதிலைப் போடாதீர்கள். உங்கள் மகளே 2 நிமிடத்தில் திறந்துவிடுவாள்! சம்பந்தமில்லாத பதிலாகக் கொடுத்து எழுதி வையுங்கள். பிறகு அந்தப் புதிய பெயரை அழுத்தி, 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்' போய் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாற்றுங்கள்.

இப்போது அவசரப்படாதீர்கள். பழைய அக்கவுன்ட்டிலிருந்து வெளியே வந்து, புதியதில் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு ஒழுங்காக வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான், அங்கிருந்தபடியே பழைய அக்கவுன்ட்டை அட்மின் அதிகாரம் இல்லாத 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக இறக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் சிக்கிக்கொள்வீர்கள். மகனின் படங்கள், மகளின் பாடக் குறிப்புகள் எல்லாம் பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும்.

இனி அவள் எப்போதும் போலப் படிக்கலாம், படம் பார்க்கலாம், டைப் செய்யலாம், யாரையும் கேட்க வேண்டாம். கணினி முழுவதையும் தொடுகிற ஒரு புரோகிராமை நிறுவப் போனால் மட்டும் திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி வந்து அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். முன்பு அதே பெட்டியில் 'யெஸ்', 'நோ' மட்டும்தான் இருந்திருக்கும், யாரும் படிக்காமலே 'யெஸ்' அழுத்தியிருப்பீர்கள். இந்தப் பெட்டி 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தபோது பலருக்கும் எரிச்சலாக இருந்தது, ஆனால் வீட்டுக் கணினிக்கு இதைவிட உபயோகமான ஒன்றை மைக்ரோசாஃப்ட் கொடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதனால் எல்லாமே நின்றுவிடாது. சில புரோகிராம்கள் அந்த யூசரின் சொந்த ஃபோல்டரிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும், அவற்றுக்குப் பாஸ்வேர்டு தேவைப்படாது. மூலையில் வரும் விளம்பரம் பெரும்பாலும் வேறு கதை: ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று கேட்டபோது 'அலவ்' அழுத்தியிருப்பாள். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலுக்குப் போய், தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். அப்புறம் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்தே இதைச் செய்யுங்கள், ஏன் செய்கிறீர்கள் என்று அவளுக்கும் தெரியட்டும்.

கேள்வி: 1234 என்று வைத்தால் போதாதா? வீட்டுக் கணினிதானே?
- வாசகர், கரூர்

பதில்: போதாது. 1234 வைப்பதைவிட ஒன்றும் வைக்காமல் விடுவது ஒரு விதத்தில் மேல் என்றே சொல்வேன். பாஸ்வேர்டு இல்லாத லோக்கல் அக்கவுன்ட்டுக்குள் (மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் அந்தக் கணினியில் மட்டும் இருப்பது) நெட்வொர்க் வழியாக நுழைய, பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் விடுவதில்லை, கணினி முன் உட்கார்ந்து திறந்தால்தான் உண்டு. 1234 என்று வைத்த நிமிடமே அந்தத் தடை போய்விடும், கிடைத்தது ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும் பாஸ்வேர்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள், நீளம்தான் பலம். நோட்டில் எழுதி வைக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக எழுதுங்கள், ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். இணையத்தில் இருந்து வருகிறவனுக்கு உங்கள் பீரோ எட்டாது. மாதா மாதம் மாற்றவும் வேண்டாம், அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. வேறு யாருக்காவது தெரிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் டிடிபி கடையில் பழைய ஃபாண்ட், பழைய பேஜ்மேக்கருக்காக எக்ஸ்பி கணினி ஒன்றை வைத்திருக்கிறோம். என் அக்கவுன்ட்டுக்குப் பாஸ்வேர்டு இருந்தும், வேலைக்கு இருந்த ஒரு பையன் அது தெரியாமலே உள்ளே போய்விட்டான். எப்படி?
- வாசகர், சிவகாசி

பதில்: எக்ஸ்பி நிறுவும்போதே அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரில் ஒரு அக்கவுன்ட் உள்ளே உருவாகிவிடும், வரவேற்புத் திரையில் கண்ணில் படாது. ஹோம் எடிஷனில் அதற்குப் பாஸ்வேர்டு பெரும்பாலும் காலிதான். கணினி எழும்போது எஃப்8 அழுத்தி, பழுது பார்ப்பதற்கென்று இருக்கும் சேஃப் மோடில் போனால் அந்தப் பெயர் தெரியும், கிளிக் செய்தால் திறந்துவிடும். நீங்களும் அதே வழியில் போய், கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுன்ட்ஸ் திறந்து அதற்குப் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள். விஸ்டாவிலிருந்து இந்த அக்கவுன்ட்டை முடக்கி வைத்தே கொடுக்கிறார்கள். இன்னொன்று, எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றுபோனது. அந்தக் கணினியில் நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள், ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்துப் போனால் போதும்.

கேள்வி: பாஸ்வேர்டு மறந்துவிட்டது. ஃபார்மட் செய்தால்தான் திறக்கும் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீர்கள், அது கடைசி வழி. நீங்கள் நுழைவது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் என்றால் போனிலிருந்தே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம். லோக்கல் அக்கவுன்ட் என்றால், ஒரு முறை தப்பாக அடித்தாலே கீழே 'ரீசெட் பாஸ்வேர்டு' என்று வரும், அக்கவுன்ட் உருவாக்கும்போது கொடுத்த ரகசியக் கேள்விகளைக் கேட்கும். அதுவும் நினைவில்லை என்றால், வேறு அட்மின் அக்கவுன்ட் இருக்கிறதா பாருங்கள், அங்கிருந்து மாற்றலாம். எதுவுமே நடக்காவிட்டாலும் ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து வேறு கணினியில் மாட்டிப் படங்களைக் காப்பாற்ற முடியும், டிஸ்க் என்கிரிப்ட் ஆகாமல், அதாவது சங்கேதமாக்கிப் பூட்டப்படாமல் இருந்தால். என்கிரிப்ட் ஆகியிருந்தால், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். புதிய லேப்டாப்களில் உங்களுக்குத் தெரியாமலே அது ஓடிக்கொண்டிருக்கலாம், கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். கடைக்குக் கொடுப்பதற்கு முன் அதைத் தேடி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன், தப்பு தப்பு என்கிறது.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: எண்களை வலது ஓரத்து நம்பர் பேடில் அடிக்கிறீர்களா? லாகின் திரையில் அந்தப் பேடை எண்களுக்கு மாற்றும் 'நம் லாக்' (Num Lock) அணைந்திருந்தால் அந்த எண்கள் விழவே விழாது. மேல் வரிசையில் இருக்கும் எண்களை அடித்துப் பாருங்கள், பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினால் என்ன விழுந்திருக்கிறது என்று தெரியும். கேப்ஸ் லாக்கையும், கீழே மூலையில் எந்த மொழி விசைப்பலகை என்பதையும் பார்த்துவிட்டு மறுபடி அடியுங்கள்.