மண் தடத்தில் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

(சென்னிமலை அடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மண் தடத்திலும் சரளையிலும் ஓட்டுவதற்கான கிராவல் சைக்கிள் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அப்பா பால் ஊற்றப் போய்வந்த பழைய 28 அங்குல சைக்கிள் வீட்டில் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் ஓட்ட அது போதாதா?
– பள்ளி ஆசிரியர், கோபி

பதில்: தாராளமாகப் போதும் ஐயா. பந்தய சைக்கிளிலிருந்து கிராவல் சைக்கிளைப் பிரித்துக் காட்டுவது முதலில் டயரின் அகலம்தான். அங்கே 25, 28 மில்லிமீட்டர். இங்கே 38 முதல் 45 வரை, சிலவற்றில் அதற்கும் மேல். அப்பாவின் வண்டியில் 28 × 1½ என்று அச்சிட்ட டயர் இருக்குமே, அதன் அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். மண் தடத்துக்கு எந்த அகலம் வேண்டும் என்பது நம் பால்காரர்களுக்கும் துணி மூட்டை கட்டிப்போன நெசவாளர்களுக்கும் எப்போதோ தெரிந்திருக்கிறது. புது வண்டியில் கூடுதலாகக் கிடைப்பவை கியர், டிஸ்க் பிரேக், குறைந்த காற்றில் ஓடக்கூடிய டியூப் இல்லாத டயர். மலை ஏறி இறங்க இவை வேண்டும். வாய்க்கால் மேட்டுக்கு வேண்டியதில்லை.

காரணம் அந்த வாய்க்காலின் அமைப்பிலேயே இருக்கிறது. 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்கு நீர் தரும் வாய்க்கால் இது. நிலத்தின் சம உயரத்தை ஒட்டி, குன்றைச் சுற்றி, பள்ளத்தை வளைத்து வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் மெல்லத் தவழ்ந்து போகும் அளவுக்குத்தான் சரிவு. கரையில் ஓட்டுபவருக்கும் அதே சரிவுதான், முழங்கால் வலிக்காது. கோபியைத் தாண்டினால் ஒரு பக்கம் நெல்லும் மஞ்சளும் வாழையும், மறுபக்கம் மானாவாரிக் காடு. வாய்க்கால் பாசனம் ஒரு கரையோடு நிற்பதை சைக்கிளில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

இறக்குவதற்கு முன் இரண்டு வேலைகள். பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றுங்கள். ஈரத்தில் கம்பி பிரேக் சரியாகப் பிடிக்காது. சக்கரத்தைப் பெண்டு (கோணல்) எடுத்துவிடுங்கள். தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில், பொதுவாக ஆகஸ்ட் நடுவிலிருந்து, கரையின் உள்விளிம்பை ஒட்டி ஓட்ட வேண்டாம். அந்த மண் வழுக்கும். நீரின் இழுப்பு வெளியே தெரியாது. பிள்ளைகளை அழைத்துப்போனால் தண்ணீர்ப் பக்கம் நீங்கள், வயல் பக்கம் அவர்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பத்துப் பேர் எங்கள் கொறங்காட்டு இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தில்) வருகிறார்கள். போன மாதம் படலைத் திறந்துபோட்டுப் போய்விட்டார்கள். செம்மறிகள் பக்கத்துக் கொள்ளுக் காட்டில் இறங்கிவிட்டன. யாரிடம் போய் நியாயம் கேட்பது?
– விவசாயி, காங்கேயம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது அண்ணா. இந்தப் பதிலை சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பார்த்தே சொல்கிறேன்.

கொறங்காடு சும்மா கிடக்கிற நிலம் இல்லை. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சுற்றிலும் கிளுவை வேலியும் சேர்ந்த மேய்ச்சல் காடு. காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மேய்ந்த பகுதியை ஓய்வுக்கு விட்டு, அடுத்த பகுதிக்கு ஆடுமாட்டை மாற்றுவார்கள். அந்தக் கணக்கைக் காத்து நிற்பது வேலியும் படலும். குச்சியையும் முள்ளையும் வைத்துக் கட்டிய படல், பார்க்க எளிதாக இருக்கும். கயிற்று வளையத்தைக் கல்தூணிலிருந்து கழற்றினால் திறந்துவிடும். கழற்றியவர் உள்ளே நுழைந்ததும், மறு கையால் படலைத் தூக்கி வைத்து, அதே வளையத்தை அதே தூணில் மாட்ட வேண்டும். கூட்டத்தில் கடைசி ஆள் மூடுவார் என்று முதல் ஆள் நினைப்பதும், முன்னால் போனவர்கள் திறந்துதானே வைத்தார்கள் என்று கடைசி ஆள் நினைப்பதும்தான் நடக்கிறது. திறந்தவரே நின்று, எல்லோரையும் அனுப்பிவிட்டு, மூடிவிட்டு வர வேண்டும். இந்த ஒரு பழக்கம் இல்லாதவரை நான் எந்தக் குழுவிலும் சேர்க்க மாட்டேன்.

எந்தத் தடத்தில் போகலாம் என்பதும் முக்கியம். கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்று இருந்தால் அது எல்லோருக்கும் பொது. பட்டா நிலத்துக்குள் புகும் தடம் என்றால் உரிமையாளரைக் கேட்டுவிட்டுத்தான். சாளை (தோட்டத்து வீடு) வாசலில் இறங்கி, "இந்த வழியே போகலாமா?" என்று கேட்டவருக்கு மோர் கொடுத்து அனுப்புகிற ஊர் இது. தோட்டத்து நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலான நாய்கள் வேலி எல்லையோடு நின்றுவிடும். ஆட்டுப் பட்டி எதிரே வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள். மணி அடித்தால் ஆடுகள் சிதறும்.

அண்ணா, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். இட்டேரியை மூடிவிடாதீர்கள். இரண்டு வண்டிச்சக்கரத் தடம், நடுவில் புல் முதுகு, இருபுறமும் கிளுவை, அதன்மேல் கோவைக்கொடியும் பிரண்டையும். அதற்குள் கௌதாரியும் கீரியும் ஓணானும் குடியிருக்கின்றன. கல்தூணும் கம்பிவேலியும் வந்த இடத்தில் இவற்றில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) காளை வண்டி ஓட்டிப்போன இட்டேரிகளில் பல இன்று தார் பூசி, வேலி இழந்து, வெயில் காய்ந்து கிடக்கின்றன. எஞ்சியவற்றின் அருமை, அவற்றுக்குள் மெதுவாகப் போய்ப் பார்க்கிற இளையவர்களுக்கும் தெரியட்டும். படலை மூடத் தெரிந்தவர்களை மட்டும் உள்ளே விடுங்கள்.

கேள்வி: தாராபுரம் பக்கம் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் பஞ்சர். என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, மூலனூர்

பதில்: நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் உங்கள் பகுதியில் அதிகம் அம்மா. டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றி ஓட்டினால் நெருஞ்சி ஒரு பொருட்டே இல்லை. முள்ளைப் பிடுங்கியதும் துளை தானாக அடைபடும். நம் வெயிலுக்கு அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து நிரப்ப வேண்டும். வேலி வெட்டிய பருவத்தில் ஓரத்தை விட்டு நடுத்தடத்தில் ஓட்டுங்கள். மழை பெய்த மறுநாள் கரிசல் பக்கமே போகாதீர்கள். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மண் அப்பி வண்டி உருளாமல் நின்றுவிடும். செம்மண் அப்படியில்லை, ஒரு வெயில் பட்டால் போதும்.

கேள்வி: சத்தியமங்கலம் காட்டுக்குள் மண் பாதைகள் இருக்கின்றன. அதிகாலையில் போய்வரலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. 2013இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம் அது. அனுமதி இல்லாமல் பாதையை விட்டு உள்ளே போவது குற்றம். அதையும் மீறிய காரணம் ஒன்று உண்டு: சைக்கிளுக்குச் சத்தம் இல்லை. மோட்டார் வண்டி வருவது யானைக்கு முன்பே தெரிந்துவிடும். வளைவில் திடீரென்று எதிரே வந்து நிற்கும் சைக்கிள் தெரியாது. மிரண்ட யானையின் முன் கியர் ஒன்றும் செய்யாது. மலைதான் வேண்டும் என்றால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போங்கள். மேலே செம்மேட்டைச் சுற்றி ஊர்களை இணைக்கும் சிறு பாதைகள் ஒரு நாளுக்குத் தாராளம். இறங்கும்போது பிரேக்கை அழுத்தியே வைத்திருக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

கேள்வி: மலையும் கடலும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசை. பொள்ளாச்சியிலிருந்து சைக்கிளில் கடல் வரை போக முடியுமா?
– இளைஞர், பொள்ளாச்சி

பதில்: முடியும் தம்பி. வழியை உங்கள் ஆழியாறே காட்டுகிறது. நொய்யல், பவானி, அமராவதி எல்லாம் கிழக்கே காவிரிக்குப் போக, ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறோ மேற்கே திரும்பிச் சித்தூர் ஆற்றில் கலந்து, பாரதப்புழையாகப் பொன்னானியில் கடலைச் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த பாலக்காட்டுக் கணவாய் வழியே போவதால் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. நொய்யல் கரையின் பழைய ஊரான கொடுமணலில் செய்த மணிகளும் மேற்குக் கடற்கரையில் இறங்கிய ரோமானிய நாணயங்களும் இந்தக் கணவாய் வழியேதான் போய்வந்தன. கோவை அருகே வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த நாணயங்கள் அதற்குச் சாட்சி.

பொள்ளாச்சி, சித்தூர், பாலக்காடு, ஒற்றப்பாலம், ஷொர்ணூர், பட்டாம்பி, குற்றிப்புரம், பொன்னானி. நெடுஞ்சாலை வழி ஏறத்தாழ 130, 140 கிலோமீட்டர். மண் தடம் தேடி வளைந்தால் இன்னும் கூடும். முழுக்க மண்ணில் போக முடியாது. சித்தூர் வரை தென்னந்தோப்புத் தடங்கள் உண்டு. ஒற்றப்பாலத்துக்குப் பின் ஆற்றை ஒட்டிய சிறு சாலைகள் நன்றாக இருக்கும். நடுவில் தார்ச்சாலையை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு நாளாகப் பிரித்து, ஒற்றப்பாலத்திலோ ஷொர்ணூரிலோ தங்குங்கள். கேரளப் பக்கம் செம்புறைக்கல் பொடிந்த தடங்களில் கவனம் வேண்டும். காய்ந்த நாளில் அந்த உருண்டைக் கற்கள் வளைவில் கோலிக்குண்டுகள் போல உருளும். திரும்பும்போது முன்பிரேக்கைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் காற்று. மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே கிழக்கிலிருந்து மேற்காக வீசும். முதுகில் கை வைத்துத் தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பது உங்கள் ஊரில் பேச்சுக்குச் சொல்வதில்லை. உடுமலைச் சாலையில் காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கின்றன என்று பாருங்கள், ஆனி ஆடியில் அத்தனையும் மேற்கைப் பார்த்திருக்கும். அந்தப் பருவத்தில் கடலுக்கு ஓட்டினால் சமதரையிலேயே மலை ஏறுவதுபோல் ஆகிவிடும். பொன்னானியிலிருந்து பொள்ளாச்சிக்கு ஓட்டலாமே என்று தோன்றும்; காற்று உதவும், ஆனால் கேரளத்தின் தென்மேற்குப் பருவமழை உங்களை ஆற்றோரத்தில் விடாது. ஆகவே தை பிறந்ததும் கிளம்புங்கள். கடற்கரை மணலில் சக்கரத்தை இறக்க நேர்ந்தால், அன்று இரவே நல்ல தண்ணீரில் சங்கிலியைக் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள். திரும்பி வர ரயில் என்றால் வண்டியைப் பிரேக் வேனில் (ரயிலின் சரக்குப் பெட்டியில்) ஏற்ற முன்கூட்டியே பார்சல் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.