புள்ளியை விடுங்கள், உணர்கொம்பைப் பாருங்கள்

"செடியில் சிவப்பு வண்டு, முதுகில் கறுப்புப் புள்ளி. பொறிவண்டா, இலை தின்னும் வண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்சிமருந்தைக் கலக்கி வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

பொறிவண்டின் உணர்கொம்பு குட்டையானது, நுனி தடித்திருக்கும், பல நேரம் கண்ணுக்கே படாது. தலையும் உள்ளடங்கி, உடம்பு கவிழ்த்த கிண்ணம் போல இருக்கும். இலைவண்டின் உணர்கொம்போ நூலாக நீண்டு நன்றாகத் தெரியும். தலையும் வெளியே தெரியும். புள்ளியை நம்பவே கூடாது. வட அமெரிக்காவில் வெள்ளரியைத் தாக்கும் ஒரு வண்டுக்கு முதுகில் 12 புள்ளிகள், ஆனால் அது இலைவண்டு.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் அவரைக்கொடியில் கருஞ்சாம்பல் நிறத்தில், ஆரஞ்சுத் திட்டுகளோடு புழுக்களைப் பார்த்துவிட்டுத் தோட்டக் குழு ஒன்றில் படம் போட்டார். உடனே ஒருவர் மருந்துப் பெயரை எழுதிவிட்டார். நான் லென்ஸோடு போவதற்குள் பாதிக் கொடிக்கு அடித்தாயிற்று. மீதிப் பாதியில் பார்த்தேன்: இலையில் ஒரு ஓட்டை இல்லை. ஒரு புழு, செடிச்சாற்றைக் குடிக்கும் அசுவினிப் பூச்சியைக் கவ்விப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. பொறிவண்டின் புழு! மருந்து அடித்த பக்கத்தில்தான் பிறகு அசுவினி மொய்த்தது, இலையெல்லாம் பிசுபிசுப்பு, எறும்பு வரிசை. ஒரு கொடியை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

"கத்தரி இலையைத் தின்பதும் பொறிவண்டுதானே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 28 புள்ளி எபிலாக்னா வண்டு அதே குடும்பம், உணர்கொம்பும் குட்டைதான். ஆனால் முதுகில் பளபளப்பு இருக்காது, உற்றுப் பார்த்தால் மெல்லிய மயிர் தெரியும். அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு இருக்கும். பச்சையைச் சுரண்டி இலையை வலைபோல ஆக்கிவிடும். அதனால் உணர்கொம்பைப் பார்த்த கையோடு இலையையும் திருப்பிப் பாருங்கள். அசுவினி இருந்து, இலை முழுசாக இருந்தால் வண்டைத் தொடாதீர்கள்.

எனக்குக் கோபம் அந்த அண்ணன் மேல் இல்லை. மேலேயிருந்து எடுத்த மங்கல் படத்தைப் பார்த்து, என்ன செடி என்றுகூடக் கேட்காமல் மருந்து சொல்கிறார்களே, அவர்கள் மேல்தான். "பக்கவாட்டில் ஒரு படம் கேளுங்கள்" என்று எழுதினேன். என் பின்னூட்டத்தை அழித்துவிட்டார்கள், மருந்துப் பெயர் இன்னும் அங்கேயே இருக்கிறது.