பழைய வணிகர் வீட்டுச் சுவருக்கு ஏன் சிமெந்து பூசக்கூடாது?

திருகோணமலை நகருக்குள் பழைய வணிகர் வீடுகளைத் திருத்துவோர் அடிக்கடி கேட்பது இது. அந்தச் சுவர்களில் இருப்பது சுண்ணச்சாந்து, அதாவது சுட்ட முருகைக்கல் சுண்ணாம்பும் மணலும் குழைத்த பூச்சு. அக்காலச் சுவர்களின் அடியில் ஈரத்தடுப்பு இல்லை. நிலத்து ஈரம் மேலேறும். சுண்ணாம்பு அதை வெளியே விடும், சிமெந்து அடைத்துவிடும். வியர்த்த உடம்புக்கு மழைக்கோட்டு போட்ட மாதிரிதான். கடல் சூழ்ந்த ஊர் வேறு. ஈரத்தோடு வரும் உப்பு சிமெந்துக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளும். விறாந்தைச் சுவர் முழங்கால் உயரத்தில் பொருமி, தொட்டால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டுவது இதனால்தான். தயவுசெய்து அந்தச் சிமெந்துப் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள். சிமெந்து கடினமானது, அதனால் சுவருக்குப் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, பூச்சு மென்மையாக இருந்தால் உப்பு பூச்சை மட்டும் அரிக்கும், உள்ளேயிருக்கும் கல் தப்பும்.