வளவு வெளிச்சத்துக்கு எந்த டிவி?

கேள்வி: வளவை (வீட்டு நடுவில் உள்ள திறந்த முற்றத்தை) ஒட்டிய பத்தியில் (நடைக்கூடத்தில்) வைக்க 43 அங்குல டிவி பார்த்தோம். ஒன்று மலிவு, மற்றது இரு மடங்கு விலை. இரண்டிலும் '4கே, எச்டிஆர்' என்றே இருக்கிறது. எதை வாங்கலாம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் முறை) முத்திரையை நம்பாதீர்கள். அந்த சிக்னலை ஏற்கும் என்பதே அதன் பொருள்; காட்டப் போதிய ஒளி இருக்கும் என்பதல்ல. மலிவு மாடல்கள் பலவும் 250 நிட்ஸ் (திரை ஒளியை அளக்கும் அலகு) அளவில்தான் ஒளிரும். வளவு வெயிலில் இருட்டுக் காட்சிகள் மங்கிவிடும். உங்களுக்கு 400 நிட்ஸாவது வேண்டும்.

பேனல், அதாவது திரை எந்த வகை என்பதையும் கேளுங்கள்; விஏ, ஐபிஎஸ் என்பவை அதன் வகைகள். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நிறம் வெளுக்கும். பத்தி நெடுக உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ் நல்லது.

கடையில் 'விவிட்' (நிறத்தைப் பளிச்சென்று கூட்டிக் காட்டும்) அமைப்பை மாற்றி, ஒரே இருட்டுக் காட்சியை இரண்டிலும் ஓடவிட்டு, ஓரமாக நின்று பாருங்கள். ராத்திரி மட்டும் பார்ப்பதென்றால் மலிவே போதும். எதை வாங்கினாலும் திரை வளவை நேரே பார்க்க வேண்டாம்.